மார்கோ ஸனூஸோ: தொழிற்சாலைக்குள்ளிருந்து வடிவமைத்தவர்

1948ஆம் ஆண்டில் மிலான் நகரின் பிரெல்லி நிறுவனத்திடம் நுரை ரப்பர் இருந்தது. டயர் செய்து பெயர்பெற்ற அந்நிறுவனம், நாற்காலி, சோபா போன்ற வீட்டுச் சாமான்களில் இந்தப் புதிய பொருளை எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பை முப்பதைக் கடந்த ஒரு கட்டடக் கலைஞரிடம் ஒப்படைத்தது. மார்கோ ஸனூஸோ என்ற அந்தக் கலைஞரின் பிற்காலப் பணி முழுவதற்கும் இந்த ஆய்வே திசை காட்டியது என்பது என் கணிப்பு. வரைபலகையில் ஒரு வடிவத்தை முடிவுசெய்துவிட்டு, அதைச் செய்து தரும்படி தொழிற்சாலைக்கு அனுப்புவதே அன்று பலருடைய வழக்கமாக இருந்தது. ஸனூஸோ எதிர்த்திசையிலிருந்து வந்தார். பொருள் எப்படி வளையும், எந்த இயந்திரம் அதை வெட்டும் அல்லது வார்க்கும், எத்தனை துண்டுகளாக அது வரும், அவற்றை யார் எந்த வரிசையில் பூட்டுவார்கள் என்பதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகே அவர் வடிவத்துக்கு வந்து சேர்ந்தார். தையல் இயந்திரம், தொலைக்காட்சிப் பெட்டி, தொலைபேசி, சிறுவர் நாற்காலி, தட்டச்சு இயந்திரத் தொழிற்சாலை என்று அவர் கைவைத்தவை ஒன்றுக்கொன்று உறவில்லாதவையாகத் தோன்றலாம். அவற்றை ஒரே பணியாகப் பார்க்க வைப்பது இந்த வழிமுறைதான்.

ஸனூஸோ 1916 மே 14 அன்று மிலானில் பிறந்தார். 1939இல் மிலான் பாலிடெக்னிக்கில் கட்டடக் கலையில் பட்டம் பெற்றார். போர்க் காலத்தில் கடற்படையில் பணியாற்றிவிட்டு, 1945இல் சொந்த அலுவலகத்தைத் தொடங்கினார். குண்டுவீச்சில் பெரும் சேதமடைந்திருந்த மிலானில் வீடுகளுக்கும் வீட்டுப் பொருட்களுக்கும் கடும் பற்றாக்குறை நிலவிய காலம் அது. எர்னெஸ்தோ ரோஜர்ஸ் ஆசிரியராக இருந்த தோமுஸ் என்ற கட்டடக் கலை இதழிலும், அதன்பின் காஸாபெல்லா இதழிலும் பணியாற்றிய ஆண்டுகளில், மறுகட்டுமானத்தில் கட்டடக் கலைஞருக்கு என்ன வேலை என்ற விவாதத்தின் நடுவே அவர் இருந்தார். ஒரு கரண்டியிலிருந்து ஒரு நகரம் வரை எல்லாமே கட்டடக் கலைஞரின் பொறுப்பு என்ற எண்ணம் அந்தத் தலைமுறையில் வலுவாக இருந்தது. அந்த எண்ணத்தைச் செயலில் காட்டப் பெரிய ஆலைகளின் கதவுகள் திறந்திருக்க வேண்டும். பிரெல்லி அந்தக் கதவைத் திறந்தது.

நுரை ரப்பர் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பதை விளங்கிக்கொள்ள, அதற்கு முந்தைய மெத்தை வேலையைப் பார்க்க வேண்டும். மரச் சட்டத்தின்மேல் பட்டைகளை இழுத்துக் கட்டி, அவற்றின்மேல் ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக நிறுத்திக் கயிற்றால் பிணைத்து, குதிரைமயிரும் நாரும் திணித்து, கடைசியில் துணி போர்த்தித் தைப்பது பழைய முறை. வேலை முழுவதும் ஒரு கைவினைஞரின் கைப்பழக்கத்தில் நின்றது. நாற்காலியின் உருவமே அவர் திணிப்பதில்தான் பிறந்தது. நுரை ரப்பரோ வேண்டிய உருவத்திலேயே வார்த்தோ வெட்டியோ வந்துவிடும். உட்காரும் இடத்தில் ஓர் அடர்த்தி, முதுகுக்கு வேறு அடர்த்தி, கைப்பிடிக்கு இன்னொன்று என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளலாம். ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாக, பிரெல்லியின் ரப்பர் தொழில்நுட்பத்திலிருந்து வந்த இழுவைப் பட்டைகள் சட்டத்தின் குறுக்கே பொருத்தப்பட்டன.

இந்த ஆய்விலிருந்து ஆர்ஃப்ளெக்ஸ் என்ற தனி நிறுவனமே உருவாயிற்று. ஸனூஸோ அதற்காக முதலில் ஆன்ட்ரோபுஸ் நாற்காலியையும், பின்னர் 1951இல் லேடி என்ற கைவைத்த நாற்காலியையும் வடிவமைத்தார். அந்த ஆண்டு மிலானில் நடந்த ஒன்பதாவது திரியென்னாலே கண்காட்சியில் லேடிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அவரைக்காய் போல வளைந்த அதன் கைப்பிடிகளும் மெல்லிய உலோகக் கால்களும்தான் பலருக்கும் நினைவில் நிற்கின்றன. உண்மையான புதுமை, அந்த நாற்காலி பிரிக்கப்பட்ட விதத்தில் இருந்தது. இருக்கை, முதுகு, இரு கைப்பிடிகள் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே நுரை பொதிந்து துணி போர்த்தி முடிக்கப்படும். கடைசியில் அவை ஒன்றோடொன்று பூட்டப்படும். ஒருவரே தொடங்கி ஒருவரே முடித்த வேலை இப்போது பல மேசைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. லேடியின் துண்டுகள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிவதும், அவற்றுக்கிடையே கோடு போல இடைவெளி ஓடுவதும் அந்த உற்பத்தி முறை வெளியில் விட்டுச்சென்ற தடங்கள். 1954இல் வந்த, படுக்கையாக விரியும் ஸ்லீப்-ஓ-மாட்டிக் சோபாவும் இதே சிந்தனையின் தொடர்ச்சியே.

அதே 1954இல் மிலானின் லா ரினாஷென்தே பல்பொருள் அங்காடி, தொழில்முறையில் செய்யப்படும் பொருட்களின் வடிவமைப்புக்காக 'தங்கக் கவராயம்' என்று பொருள்படும் கொம்பாஸ்ஸோ தோரோ விருதைத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, பொர்லெத்தி நிறுவனத்துக்காக ஸனூஸோ வடிவமைத்த 1100/2 தையல் இயந்திரம் அந்த விருதைப் பெற்றது. கறுப்பு உடலில் பொன்னிறப் பூவேலை தீட்டிய பழைய தையல் இயந்திரங்களின் அருகில் இதை வைத்துப் பார்த்தால், இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பது விளங்கும். ஓவியத்தால் மறைக்க வேண்டிய எதுவும் இதில் இல்லை. உலோக வார்ப்பின் தட்டையான பரப்புகளும் கூர்மை தணிந்த விளிம்புகளும் தாமே அலங்காரமாகின்றன. அதே 1956இல் இத்தாலியத் தொழிற்பொருள் வடிவமைப்பாளர் சங்கம் நிறுவப்பட்டபோது ஸனூஸோவும் அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒருவராக இருந்தார்.

இதுவரை சொன்னது வீட்டுக்குள் நுழையும் பொருட்களைப் பற்றியது. அந்தப் பொருட்கள் பிறக்கும் கட்டடங்களையும் அவர் அதே கண்ணோடு பார்த்தார் என்பதற்கு, தட்டச்சு இயந்திரங்கள் செய்த ஒலிவெட்டி நிறுவனத்துக்காக 1950களின் இரண்டாம் பாதியில் தென்னமெரிக்காவில் எழுந்த இரண்டு தொழிற்சாலைகள் சான்று. அவருடைய கட்டடங்களில் என்னை அதிகம் கவர்ந்தது, பியூனஸ் அயர்ஸ் அருகே மெர்லோவில் உள்ள ஆலை. அந்த ஊரின் கோடை வெக்கையும் ஈரமும் நிறைந்தது. நுண்ணிய பாகங்களைப் பூட்டும் தொழிலாளர்கள் நிறைந்த கூடத்துக்குக் குளிர்ந்த காற்று தேவை. வழக்கமான தீர்வு என்பது, கூரையைத் தாங்க உத்தரங்கள் ஒருபுறமும், காற்றைக் கொண்டுசெல்லத் தகரக் குழாய்கள் இன்னொருபுறமுமாக இரண்டு தனி அமைப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கவிடுவது. ஸனூஸோ கான்கிரீட் உத்தரங்களையே உள்ளீடற்ற குழாய்களாக வடிவமைத்தார். கூரையைத் தாங்குவதும் அவையே, காற்றைச் சுமந்து சென்று கூடத்துக்குள் விடுவதும் அவையே. உத்தரங்களின் முனைகள் சுவரைத் தாண்டி வெளியே நீண்டு, குளிரூட்டும் கருவிகளை ஏற்றுக்கொண்டன. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கட்டடத்தின் முகத்தோற்றமாகத் தெரிவது இந்த வரிசையான உத்தர முனைகள்தான்.

பிரேசிலின் சாவ் பாவ்லோவுக்கு வெளியே குவாருல்யோஸில் கட்டப்பட்ட ஆலையில் அவர் வேறொரு வழியைத் தேர்ந்தார். முக்கோணத் தள அமைப்பின்மேல் மெல்லிய கான்கிரீட் கவிகைகள் திரும்பத் திரும்ப வைக்கப்பட்டதால், மேலிருந்து பார்க்கையில் கூரை தேனடையின் அறைகளைப் போல விரிகிறது. ஒரு கவிகையைக் கட்டும் முறை கைவந்துவிட்டால் அதையே தேவைக்கேற்பப் பெருக்கிக்கொண்டு போகலாம், உற்பத்தி வளர்ந்தால் ஆலையும் வளரலாம் என்பது இதன் உட்கருத்து. இங்கே ஆத்ரியானோ ஒலிவெட்டியின் பெயரைச் சொல்லாமல் போக முடியாது. ஆலை என்பது தொழிலாளர் தம் பகற்பொழுதைக் கழிக்கும் இடம், ஆகவே அது நல்ல கட்டடமாக இருக்க வேண்டும் என்று நம்பிய முதலாளி அவர். அத்தகைய ஒருவர் கிடைத்திராவிட்டால், உத்தரத்துக்குள் காற்றை ஓடவிடும் யோசனை வரைதாளைத் தாண்டியிருக்குமா என்பது ஐயமே. 1960இல் அவர் இறந்த பிறகும் அந்நிறுவனம் ஸனூஸோவை விட்டுவிடவில்லை.

மியூனிக்கில் பிறந்த ரிச்சர்ட் ஸாப்பர் என்ற இளைஞர் 1950களின் இறுதியில் மிலானுக்கு வந்து, சில காலத்தில் ஸனூஸோவுடன் இணைந்தார். மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்துப் பழகியவர் அவர். 1970களின் பிற்பகுதி வரை இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். அவர்கள் கூட்டாகச் செய்தவற்றில் எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முயன்றவர்கள் உண்டு. அந்த முயற்சி பயனற்றது என்றே நினைக்கிறேன். பொருளின் தன்மையிலிருந்தும் உற்பத்தி முறையிலிருந்தும் வடிவத்தைக் கண்டடையும் பாதை ஸாப்பர் வருவதற்கு முன்பே ஸனூஸோவிடம் இருந்தது. இயந்திர உறுப்புகளை மிகச் சிறிய இடத்துக்குள் நேர்த்தியாக மடித்துவைக்கும் திறன், ஸனூஸோவைப் பிரிந்து தனியே பணியாற்றிய காலத்திலும் ஸாப்பரிடம் தொடர்ந்தது. இரண்டும் சேர்ந்தபோது கிடைத்தவை இரண்டிலிருந்தும் தனித்தனியே கிடைத்திருக்காது.

கவீனா நிறுவனத்துக்காக அவர்கள் செய்த லம்ப்தா நாற்காலியில் மோட்டார் வாகன உடல் கட்டும் நுட்பம் வீட்டுக்குள் வந்தது. மெல்லிய எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி வளைத்து, துண்டுகளை வெல்டிங்கில் இணைத்துச் செய்த நாற்காலி அது. அந்தத் தேடலின் வழியில் பிறந்ததுதான் கார்ட்டெல் நிறுவனத்துக்கான சிறுவர் நாற்காலி. இதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும், ஏனென்றால் ஸனூஸோவின் வழிமுறை எவ்வளவு பொறுமையைக் கேட்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறில்லை.

ஏறத்தாழ அரை மீட்டர் உயரமுள்ள அந்த நாற்காலி 1964இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்தைய சில ஆண்டுகள் சோதனையில் கழிந்தன. பாலிஎத்திலீனின் விலை இறங்கியதும் அந்தப் பிளாஸ்டிக்கில் செய்வது கட்டுப்படியாகும் நிலைக்கு வந்தது. அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன் மென்மையானது. குழந்தை அதன்மேல் விழுந்தாலும் பெரிதாகக் காயப்படாது, தண்ணீரோ வண்ணமோ கொட்டினால் துடைத்துவிடலாம். அந்த மென்மையே அதன் குறையும்கூட. மெல்லிய காலாக வார்த்தால் பாரத்தில் வளைந்துவிடும். ஆகவே கால்கள் தடித்த உருளைகளாயின. இருக்கையும் முதுகும் தொய்யாமலிருக்க அவற்றில் நீளவாட்டில் வரிப்பள்ளங்கள் ஓடின. முழு நாற்காலியையும் ஒரே அச்சில் வார்ப்பதானால் அச்சு மிகச் சிக்கலாகிவிடும் என்பதால், கால்கள் தனியே வார்க்கப்பட்டு இருக்கையில் செருகப்பட்டன.

தடித்த கால்கள் வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தன. மெல்லிய கால் நாற்காலிகளை அடுக்கும்போது ஒன்று மற்றொன்றின்மேல் நெருக்கமாகப் படிந்துவிடும். தூண் போன்ற கால்களுக்கு அது நடக்காது. அதனால் மேல் நாற்காலியின் கால்கள் கீழ் நாற்காலியில் பதியும்படி இடங்கள் அமைக்கப்பட்டன. நாற்காலிகள் இப்போது கோபுரமாக ஒன்றின்மேல் ஒன்று நின்றன. குழந்தைகள் அவற்றைச் சுவராகவும் வீடாகவும் கோட்டையாகவும் கட்டி விளையாடத் தொடங்கினார்கள். பொருளின் குறையிலிருந்து தடித்த கால், தடித்த காலிலிருந்து புதிய அடுக்குமுறை, அடுக்குமுறையிலிருந்து விளையாட்டு என்று ஒன்றிலிருந்து ஒன்றாக அது வளர்ந்தது; விளையாட்டுப் பொருள் செய்ய வேண்டும் என்று யாரும் தொடங்கவில்லை. முழுவதும் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்ட முதல் நாற்காலிகளுள் ஒன்றாக அது வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. 1964இன் கொம்பாஸ்ஸோ தோரோவும் அதற்குக் கிடைத்தது. கார்ட்டெல்லை நிறுவிய ஜூலியோ காஸ்தெல்லி வேதிப் பொறியாளர் என்பதையும், பாலிப்ரொப்பிலீனுக்கு வழிகண்ட ஜூலியோ நத்தா மிலான் பாலிடெக்னிக்கின் பேராசிரியராக இருந்து 1963இல் நோபெல் பரிசு பெற்றவர் என்பதையும் நினைவில் கொண்டால், அந்நகரில் வேதியியலும் வடிவமைப்பும் எவ்வளவு அருகருகே இருந்தன என்பது தெரியும்.

இத்தாலியில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1954 ஜனவரியில் முறையாகத் தொடங்கியது. முதற்காலப் பெட்டிகள் மரத்தில் செய்த கனமான அறைச் சாமான்கள். வால்வுகளின் இடத்தை டிரான்சிஸ்டர்கள் பிடித்ததும் சூடும் எடையும் குறைந்தன. பெட்டி அறையின் மூலையில் கிடக்க வேண்டிய கட்டாயம் போயிற்று. பிரியோன்வேகா நிறுவனத்துக்காக ஸனூஸோவும் ஸாப்பரும் செய்த தோனே 14, படக்குழாயை ஒட்டி அதன் உருவத்தையே பின்பற்றும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்கியது. 1962இல் அது விருது பெற்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ஆல்கோல் 11இல் திரை சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். தரையிலோ தாழ்ந்த மேசையிலோ வைத்தாலும் உட்கார்ந்திருப்பவரின் கண்ணை அது சந்திக்கும். கையில் தூக்கிக்கொண்டு அறைக்கு அறை போகும் பெட்டிக்கு அந்தச் சாய்வு தேவைப்பட்டது. அதே ஆண்டின் டிஎஸ் 502 வானொலி, கீலில் இணைந்த இரு பாதிகளாலானது. திறந்தால் ஒருபுறம் ஒலிபெருக்கியும் மறுபுறம் அலைவரிசைக் குமிழ்களும் தெரியும். மூடினால் என்னவென்றே சொல்ல முடியாத வழவழப்பான கட்டி. 1969இல் வந்த பிளாக் 201 தொலைக்காட்சியில் இந்தப் போக்கு எல்லைக்குச் சென்றது. அணைத்த நிலையில் அது கறுப்புக் கனசதுரம், அவ்வளவே. இந்தக் கடைசிப் பொருளில் எனக்கு முழு உடன்பாடில்லை. ஆல்கோலில் ஒவ்வொரு சாய்வுக்கும் பயன்படுத்துபவரின் உடல் காரணமாக இருந்தது. பிளாக்கில் வடிவம் தன்னைத் தானே ரசித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது.

ஸீமென்ஸின் இத்தாலியக் கிளையிலிருந்து வளர்ந்த தொலைத்தொடர்பு நிறுவனத்துக்காக 1960களின் நடுவில் அவர்கள் உருவாக்கிய கிரில்லோ தொலைபேசியில் அந்தச் சிக்கல் இல்லை. கிரில்லோ என்றால் சில்வண்டு. அக்காலத் தொலைபேசிக்கு இரண்டு உடல்கள் உண்டு: டயலும் மணியும் அடங்கிய கனத்த அடிப்பகுதி ஒன்று, அதன்மேல் கிடக்கும் ரிசீவர் மற்றொன்று. இவர்கள் கேட்கும் பகுதி, பேசும் பகுதி, டயல் மூன்றையும் கைக்கடக்கமான ஒரே உடலுக்குள் கொண்டுவந்தார்கள். மேசையில் கவிழ்ந்து கிடக்கும் அதைக் கையில் எடுத்தால், பேசும் பகுதி கீலில் விரிந்து வாயருகே வந்துவிடும், வைக்கும்போது மடங்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் சுருக்கிய பிறகு மணிக்கு உள்ளே இடமில்லை. அதைச் சுவரில் செருகும் பிளக்குக்குள் வைத்துவிட்டார்கள். அழைப்பு வந்தால் ஒலிப்பது சுவரோரம், எடுப்பது மேசைமேல். ஒரு பொருளின் உறுப்பு அந்தப் பொருளுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற பழக்கத்தை இவ்வளவு எளிதாகக் கடந்து சிந்திக்க, இணைப்புக் கம்பியையும் பிளக்கையும் சேர்த்து முழு அமைப்பாகப் பார்க்கும் மனம் வேண்டும். உத்தரத்துக்குள் காற்றை ஓடவிட்ட மனமும் அதுவே. 1967இல் கிரில்லோ கொம்பாஸ்ஸோ தோரோ பெற்றது. மடக்கும் கைபேசிகளின் முன்னோடி என்று பின்னாளில் பலரும் அதைக் குறிப்பிட்டார்கள்.

தொழிற்சாலையே அவருடைய உலகம் என்று இதுவரை எழுதியதற்கு ஒரு விலக்கும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் சார்தீனியத் தீவின் ஆர்ஸகேனாவில், கடலோரப் பாறை நிலத்தில் அவர் கட்டிய விடுமுறை வீடுகளில் ஆலையில் செய்த எதுவும் கண்ணில் படாது. கரடுமுரடான கருங்கல் சுவர்கள் நாற்புறமும் மூடி நிற்க, நடுவில் முற்றம், மூலைகளில் அறைகள். காற்று ஓயாத அந்தக் கரையில் வாழ்க்கை முழுவதும் முற்றத்தை நோக்கித் திரும்பியிருக்கிறது. ஆனால் கையருகே உள்ள பொருளிலிருந்தும், அதைச் செய்யத் தெரிந்தவர்களிடமிருந்தும் தொடங்குவது என்ற அவருடைய விதி இங்கும் மாறவில்லை. சார்தீனியாவில் கிடைத்தது கல்லும் கல்தச்சருமே.

1960களின் இறுதியில் ஒலிவெட்டிக்காகக் கட்டடக் கலைஞர் எதுவார்தோ வித்தோரியாவுடன் சேர்ந்து ஸ்கார்மான்யோ, கிரேமா, மார்ச்சனீஸே ஆகிய ஊர்களில் அவர் அமைத்த ஆலைகள், முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து பூட்டும் தூண்களும் உத்தரங்களும் கொண்ட ஒரே அமைப்பின் பல பிரதிகள். மிலான் அருகே செக்ராத்தேயில் ஐபிஎம் நிறுவனத்துக்கான பெரிய அலுவலகத் தொகுதியும், ரோம் அருகே சாந்தா பலோம்பாவில் அதன் ஆலையும் தொடர்ந்து வந்தன. 1972இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இத்தாலிய வீட்டு வடிவமைப்புக்காக நடத்திய பெரும் கண்காட்சியில், ஸனூஸோவும் ஸாப்பரும் ஒரு கப்பல் சரக்குப் பெட்டியின் அளவுக்குள் அடங்கி, சேருமிடத்தில் விரிந்து வீடாகும் கூட்டை வைத்தார்கள். அங்கு பலர் எதிர்காலக் கனவுகளைக் காட்டினார்கள். இவர்கள் லாரியிலும் கப்பலிலும் ஏற்றக்கூடிய ஒன்றைக் காட்டினார்கள்.

இந்தப் பணியின் சமூக எல்லையையும் சொல்லியாக வேண்டும். போருக்குப் பிந்தைய மிலானில், ஆலை உற்பத்தி நல்ல பொருட்களை எளிய வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் என்ற நம்பிக்கை ஸனூஸோவின் தலைமுறைக்கு இருந்தது. லேடியும் பிரியோன்வேகா பெட்டிகளும் பெரும்பாலும் வசதியான நடுத்தர வீட்டுக் கூடங்களையே அடைந்தன. அந்த நம்பிக்கையின் அருகே உண்மையாக வந்தவை, பள்ளிகளுக்கும் சிறுவர் அறைகளுக்கும் போன கார்ட்டெல் நாற்காலியும், சமையலறைக்குப் போன டெரையோன் நிறுவனத்தின் தராசும், 1973இல் வோர்த்திச்சே நிறுவனத்துக்குச் செய்து 1979இல் விருது பெற்ற ஆரியாந்தே மின்விசிறியும் போன்ற சிறிய பொருட்களே. விருதுப் பட்டியலில் இவை பின்வரிசையில் தெரிந்தாலும், அவர் நினைத்ததை அதிகம் நிறைவேற்றியவை இவைதாம் என்று கருதுகிறேன்.

கடைசிப் பெரும்பணி மிலானின் பிக்கோலோ தியாத்ரோ நாடக நிறுவனத்துக்கானது. ஜோர்ஜோ ஸ்த்ரேலரும் பாவோலோ கிராஸ்ஸியும் 1947இல் ஒரு சிறிய அரங்கில் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு, ஏறத்தாழ 970 இருக்கைகள் கொண்ட புதிய அரங்கை வடிவமைக்கும் பணி 1970களின் இறுதியில் ஸனூஸோவிடம் வந்தது. அருகிலிருந்த பழைய ஃபொஸ்ஸாத்தி அரங்கை மாற்றியமைத்த சிறிய அரங்கு 1980களிலேயே திறக்கப்பட்டது. பெரிய அரங்கோ நகராட்சித் தகராறுகளிலும் பணத் தட்டுப்பாட்டிலும் ஆண்டுக்கணக்கில் நின்று நின்று நகர்ந்தது. ஒலிவெட்டியிலோ கார்ட்டெல்லிலோ முடிவெடுப்பவர் ஒருவர் இருந்தார். ஆலைப் பொறியாளர்கள் பக்கத்தில் இருந்தார்கள். தவறினால் அடுத்த மாதிரியில் திருத்திக்கொள்ளலாம். ஒரே ஒரு முறை கட்டப்படும், ஆட்சிகள் மாறும்போதெல்லாம் கோப்பு கைமாறும் பொதுக் கட்டடத்தில் அந்த வாய்ப்புகள் எதுவும் இல்லை. அவருடைய வழிமுறை செழிக்க என்ன சூழல் தேவைப்பட்டது என்பதை இந்தத் தாமதமே எடுத்துச் சொல்கிறது. 1997 டிசம்பர் 25 அன்று ஸ்த்ரேலர் காலமானார். செங்கல் சுவர்களுக்கு மேல் செம்புக் கூரை எழுந்து நின்ற அந்த அரங்கு அடுத்த மாதம், 1998 ஜனவரியில், அவர் ஒத்திகை நடத்திவந்த மோட்ஸார்ட்டின் இசை நாடகத்தோடு திறக்கப்பட்டது. ஸ்த்ரேலரின் பெயரே பின்னர் அதற்கு இடப்பட்டது. ஸனூஸோ 2001 ஜூலை 11 அன்று மிலானில் காலமானார். அவருடைய வரைபடங்களும் ஆவணங்களும் சுவிட்சர்லாந்தின் பலெர்னாவில் உள்ள நவீனக் கட்டடக் கலை ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.